ரிங்லெட்டில் வெந்நீர்க் குளம்: 1.7 மில்லிமீட்டருக்காக ஈப்போ வரை போன கதை

வணக்கம், நேயர்களே. நேற்று இரவு எட்டே கால் மணிக்கு எங்கள் வீட்டு நீச்சல் குளத்தின் நீர் 31 பாகை செல்சியஸைத் தொட்டது. குளம் வெட்டிய காலத்திலிருந்து என்னுடன் வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது தெரியும். எங்கள் ரிங்லெட் இருக்கும் மலேசியாவின் கேமரன் மலையில் குளம் கட்டுகிறவனுக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டவர்கள் பலர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 பாகை பதிவான மலை இது. போன மாதக் காணொளியில் நான் கால் கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டு ஓடியதையும் பார்த்திருப்பீர்கள். அன்று நீர் 19 பாகை.

ஆனால் குளம் எனக்காகக் கட்டப்பட்டதன்று. அம்மாவின் முழங்கால்கள் முப்பது வருடம் தேயிலைச் சரிவில் கூடையுடன் ஏறி இறங்கியவை. நீரில் நடந்தால் வலி குறைவாக இருக்கிறது என்று அவரே சொன்ன பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். லயத்து வீட்டில் விறகு மூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் எங்கள் ஐவருக்கும் வெந்நீர் வைத்தவர் அவர். குளத்துக்கு வெந்நீர் வைக்க எத்தனை தகரம் வேண்டும் என்று கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன்.

குளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். ஆக 21,600 லிட்டர் நீர். ஆயிரம் லிட்டரை ஒரு பாகை சூடேற்ற 1.16 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும் என்பதால், இந்தக் குளத்தை ஒரு பாகை உயர்த்த 25 யூனிட். 19இலிருந்து 31க்குக் கொண்டுபோக 300 யூனிட், அதுவும் வழியில் துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால். நேரடியாகக் கம்பிச்சுருளால் சுடவைக்கும் மின்சார வெப்பமேற்றி இந்த 300ஐயும் மீட்டரில் அப்படியே காட்டிவிடும். சூரிய வெப்பத் தகடுகளை நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி வந்து உட்காரும் ஊரில் அவற்றைக் கூரையில் ஏற்றினால் காக்கைக்குத்தான் உபயோகம்.

எரிவாயுவை மட்டும் மரியாதையுடன் பரிசீலித்தேன். 14 கிலோ தோம்பின், அதாவது சிலிண்டரின், கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. நல்ல பர்னர் ஒரு தோம்பிலிருந்து ஏறத்தாழ 150 யூனிட் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும். முதல் சூட்டுக்கு இரண்டு தோம்பு போதும் என்றால் விலை மோசமில்லைதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குளத்துக்கான பர்னர் கேட்கும் வேகத்தில் வாயுவை இழுத்தால் ஒற்றைத் தோம்பு குளிர்ந்து உறைபனி பூத்துவிடும், வாயு வருவதும் மந்தமாகிவிடும். நான்கைந்து தோம்புகளை ஒன்றாக இணைத்து வைக்கவேண்டும், பிறகு அவற்றை எங்கள் மேட்டுச் சடக்கில் தூக்கிவரவேண்டும். வேண்டவே வேண்டாம்.

எஞ்சியது ஹீட் பம்ப். குளிர்சாதனப் பெட்டியைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்: வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தைப் பிடித்து நீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் அந்த வெப்பத்தை இடம் மாற்றுவதற்கு மட்டுமே செலவாவதால், ஒரு யூனிட் கொடுத்து நான்கு, ஐந்து யூனிட் வெப்பம் வாங்கமுடிகிறது. இங்கேதான் எனக்கு எரிச்சல் மூண்டது. கீழ்நாட்டிலிருந்து வந்த விற்பனையாளர், '11 கிலோவாட், ஒரே நாளில் குளம் கொதிக்கும்' என்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசினார். அவர் கொடுத்த தாளைத் திருப்பினால் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கிறது: காற்று 27 பாகை, நீர் 27 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு. அது கீழே சமவெளியில் இருக்கும் கிள்ளானின் காற்று, ரிங்லெட்டின் காற்று அன்று. அதற்கடுத்த வரியில், காற்று 15 பாகையாக இருக்கும்போது அதே இயந்திரம் 7.5 கிலோவாட்தான் தரும் என்று போட்டிருந்தது. அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். 'அண்ணே, அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை' என்றார். மலையில் இருப்பவர்கள் அந்த இரண்டாவது வரியை மட்டும் பாருங்கள். முதல் வரியை வாசிக்கவே வேண்டாம். அது கீழ்நாட்டுக்காரர்களுக்கானது, அவர்களுக்கோ குளத்தைச் சூடாக்கும் தேவையே இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வாங்கும்போது உள்ளே இருக்கும் வெப்பமாற்றி டைட்டானியமா என்று கேளுங்கள். குளத்து நீரில் குளோரின் இருக்கும். வெறும் செம்பை அது அரித்துவிடும்.

இனி, தலைப்பில் சொன்ன கதைக்கு வருகிறேன். இயந்திரம் லாரியில் வந்து இறங்கியது. குழாய் வேலை செய்யும் அண்ணன், குளம் கட்டியபோது வந்த அதே அண்ணன், காலையில் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினார். ஒன்பதே காலுக்கு நிறுத்தினார். இயந்திரத்தோடு வந்த இணைப்பியின் வாய் 50 மில்லிமீட்டர். நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் குழாய் ஒன்றரை அங்குலம். அதன் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். இடைவெளி 1.7 மில்லிமீட்டர். குழாயை உள்ளே விட்டால் தளர்ந்த பல்லைப் போல ஆடுகிறது.

அண்ணன், பசையைத் தாராளமாகப் பூசி, வெள்ளை நாடாவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் தாங்கும் என்றார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிவிசி பசை, இரண்டு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவதற்காகச் செய்யப்பட்டது. இடைவெளியை அடைக்கும் சாந்து அன்று. ரிங்லெட் இரும்புக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, என் கையிலிருந்த துண்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தானா ராத்தாவிலும் இல்லை. வளைந்து வளைந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் இறங்கித் தாப்பாவுக்குப் போனேன், அங்கும் இல்லை. ஈப்போவில் மூன்றாவது கடையில், தூசி படிந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, மில்லிமீட்டரிலிருந்து அங்குலத்துக்கு மாற்றும் இணைப்பிகளை ஓர் அம்மையார் எடுத்துக் கொடுத்தார். ஒன்று 9 வெள்ளி, இரண்டுக்கு 18. பெட்ரோல், சுங்கக் கட்டணம், வழியில் வாங்கிய டுரியான் எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டும். டுரியானைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறார் அம்மா. நான் சேர்க்கிறேன், இணைப்பி இல்லையென்றால் அந்தச் சாலையில் நான் போயிருக்கவே மாட்டேன்.

குழாய் வரிசையில் இன்னொரு தகராறு. நீர் முதலில் பம்பு, பிறகு வடிகட்டி, பிறகு ஹீட் பம்ப், கடைசியாகத்தான் குளோரின் பெட்டி என்று போகவேண்டும். அண்ணன் குளோரின் பெட்டியை ஹீட் பம்புக்கு முன்னால் பொருத்தியிருந்தார். அப்படி விட்டால் அடர்ந்த குளோரின் நேராக இயந்திரத்துக்குள் போகும். பிரித்து மாற்றினோம், பம்பு நிற்கும்போது குளோரின் பின்னோக்கி வராமலிருக்க இடையில் ஒருவழி வால்வும் வைத்தோம். மின்சார வேலையை மட்டும் சுருஹான்ஜாயா தெனாகா என்ற அரசு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் செய்தார். தனி இணைப்பு, தனிக் கசிவுத் துண்டிப்பான், ஒழுங்கான எர்த்து. அவரிடம் நான் பேரம் பேசவில்லை. நீரும் மின்சாரமும் கூடுகிற இடத்தில் பேரம் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது.

சுவிட்சைப் போட்டதும் திரையில் 'ஈ3' என்று வந்தது. நீரோட்டம் இல்லை என்று அதற்குப் பொருள். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இயந்திரம் விற்ற தரப்பில் தொலைபேசியில் பேசியவர் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையை மாற்றவேண்டும் என்று தொடங்க, நான் குழாயைப் பார்த்தேன். சுற்றுவழி வால்வு முழுக்கத் திறந்திருந்தது. நீர் இயந்திரத்துக்குள் நுழையாமல் குறுக்கு வழியில் ஓடிக்கொண்டிருந்தது. வால்வைப் பாதி திருகினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, விசிறி சுழலத் தொடங்கியது.

மறுநாள் காலையில் அம்மா, இயந்திரம் ஒழுகுகிறது என்று என்னை எழுப்பினார். அடியில் குட்டையாகவே நீர் தேங்கியிருந்தது. கம்பிரசரை நிறுத்திவிட்டுக் குளத்துப் பம்பை மட்டும் ஓடவிட்டேன். சற்று நேரத்தில் சொட்டுவது நின்றது. குழாய் உடைந்திருந்தால் நிற்காது. அது ஈரக்காற்றிலிருந்து கசிந்து இறங்கும் பனிநீர்தான். இப்போது அதை வாளியில் பிடித்து ஆர்க்கிட் செடிகளுக்கு ஊற்றுகிறார்.

19இலிருந்து 31க்குப் போக இயந்திரம் மொத்தம் 49 மணி நேரம் ஓடியது. தனியாக வைத்த சிறு மீட்டர் 87 யூனிட் காட்டியது. எங்கள் பில்லின்படி யூனிட்டுக்கு ஏறத்தாழ 45 காசு என்று வைத்தால் 39 வெள்ளி. இந்தக் கணக்கு போர்வையோடு சேர்த்தது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். குமிழிகள் உள்ள நீலப் பிளாஸ்டிக் போர்வை, குமிழி நீரைப் பார்த்திருக்கும்படி விரிப்பது. குளத்தின் வெப்பத்தைத் தின்பது பெரும்பாலும் ஆவியாதல்தான். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துப் போகிறது. எங்கள் குளத்தில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 180 லிட்டர், அதாவது 120 யூனிட்டுக்கு மேல். நேற்றிரவு போர்த்தியிருந்ததால் ஒரு பாகைதான் இறங்கியது. அதற்கு முன்பு, நீர் 27இல் இருந்தபோது, ஓர் இரவு சோம்பலில் போர்த்தாமல் விட்டேன், காலையில் 24. மறுபடி ஏற்றுவதற்கே பகல் முழுவதும் போயிற்று. அந்த இரவின் இழப்பும் 49 மணி நேரக் கணக்கில் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

இன்று காலை அம்மா இருபது நிமிடம் நீரில் நடந்தார். 'இன்னும் ரெண்டு தகரம் ஊத்தியிருக்கலாம்' என்றார். 32க்கு வைத்திருக்கிறேன். போர்வையை ஒற்றை ஆளாக இழுத்து மூடுவதுதான் பாடாக இருக்கிறது. அடுத்த வாரம் அதற்கு ஓர் உருளை செய்யப்போகிறேன். ஒன்றரை அங்குலக் குழாயில்தான். 48.3 மில்லிமீட்டர்; ரிங்லெட் தவுக்கேயிடமே கிடைக்கிறது.