எல்லாரும் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்யாண வீடு. சமையற்கட்டிலிருந்து குரல் வருகிறது: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சா?" வாசலில் நிற்பவர் சொல்கிறார்: "எல்லாரும் வரலைங்க." இந்தப் பதிலை நம்பி இலை போடலாமா? ஒருவர்கூட வரவில்லை என்கிறாரா, சிலர் வந்துவிட்டார்கள், மீதிப் பேர் வரவேண்டும் என்கிறாரா? அந்த வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

தருக்கவியல் வகுப்பில் முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதுவது இந்த வாக்கியத்தைத்தான். குறியீட்டில் எழுதப் போனால் பொருளை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். "யாரை எடுத்துக்கொண்டாலும், அவர் வரவில்லை" என்பது ஒன்று. "யாரை எடுத்துக்கொண்டாலும் அவர் வந்துவிட்டார் என்பது சரியில்லை" என்பது இன்னொன்று. 'இல்லை' உள்ளே இருக்கிறதா, முழு வாக்கியத்துக்கும் வெளியே நிற்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

இப்படி எழுதும் வழியை 1879-இல் ஒரு சிறு நூலில் கொடுத்தவர், ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த காட்லோப் ஃப்ரேகே. 'எல்லாம்', 'ஏதோ ஒன்று' ஆகிய சொற்களுக்கான குறிகளைக் குவான்டிஃபயர் என்கிறோம். 'எல்லாம்' என்பதற்கு இன்று நாம் போடும் குறியான, தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஏ' எழுத்து, பின்னால் 1935-இல் கெர்ஹார்ட் கென்ட்சன் கொண்டுவந்தது.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "எல்லாக் காகமும் கறுப்பு" என்பதை எழுதச் சொன்னால், "எதை எடுத்தாலும் அது காகம், அதோடு அது கறுப்பு" என்று எழுதிவிடுவார்கள். நிதானமாகப் படித்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் காகமாம்! என் முன்னால் இருக்கும் இந்த மைக் காகம், உங்கள் கையிலுள்ள காபி டம்ளரும் காகம். வேண்டியது 'என்றால்': "எதை எடுத்தாலும், அது காகம் என்றால், அது கறுப்பு." டம்ளர் காகமில்லை, அதைப் பற்றி இந்த வாக்கியத்துக்குக் கவலையில்லை.

சரி, "வெள்ளைக் காகம் ஒன்று உண்டு" என்பதற்கும் அதே 'என்றால்' போடலாமா? கூடாது. "ஏதோ ஒன்று இருக்கிறது, அது காகம் என்றால் வெள்ளை" என்று எழுதினால், காகமே இல்லாத அந்த டம்ளர் ஒன்றே போதும், வாக்கியம் உண்மையாகிவிடும். தருக்கத்தில் 'என்றால்' வாக்கியத்தின் முன்பாதி பொய்யானால் முழுதும் மெய். ஆகவே இங்கே 'அதோடு'தான் சரி: ஏதோ ஒன்று இருக்கிறது, அது காகம், அதோடு அது வெள்ளை.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன். 'யார்' என்ற கேள்விச்சொல்லோடு 'உம்' சேர்த்துப் பாருங்கள்: "யாரும் வரலாம்." எல்லாருக்கும் அழைப்பு. 'ஓ' சேருங்கள்: "யாரோ வந்தார்." ஒருவராவது உண்டு. அதே 'உம்'தான் "அண்ணனும் தம்பியும் வந்தார்கள்" என்று இரண்டு பேரைச் சேர்க்கிறது. அதே 'ஓ'தான் "அண்ணனோ தம்பியோ வந்திருக்க வேண்டும்" என்று இருவரில் ஒருவரைச் சொல்கிறது. தருக்கம் சொல்வதும் இதையே: 'எல்லாரும்' என்பது இவரும் அவரும் என்று நீளும் வரிசை, 'யாரோ' என்பது இவரோ அவரோ என்று நீளும் வரிசை. குறியீட்டில் நான்கு தனித்தனிக் குறிகள், தமிழில் இரண்டே இடைச்சொற்கள்! தொல்காப்பியர் உம்மைக்குத் தரும் எட்டுப் பொருள்களில், ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொல்லும் எண்ணும் உண்டு, ஒன்றுவிடாமல் முழுதையும் சொல்லும் முற்றும் உண்டு.

அவர் அதோடு விடவில்லை. முழுதையும் சொல்லும் இந்த முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும், அதாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்ற பொருளும், தரும் என்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "பத்தும் கொடால்". பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்பது பொருள். 'இல்லை' வெளியே நிற்கிற வாசிப்பு இதுவேதான்.

அப்புறம், அந்தக் கல்யாண வீடு. வாசலில் நின்றவர் "யாரும் வரலைங்க" என்றிருந்தால் குழப்பமே இல்லை, இலைக்கட்டைப் பிரிக்காமல் காத்திருக்கலாம். "எல்லாரும் இன்னும் வந்து சேரலை, பாதிப் பேர் வந்தாச்சு" என்றிருந்தால் முதல் பந்திக்கு இலை போட்டுவிடலாம்.

வணக்கம்.