காய்ச்சலோடு வருகிறவர் முதலில் சொல்ல வேண்டியது

வணக்கம். ஈரோடு, நாமக்கல் பக்கத்து மருத்துவமனைகளில் பல வருடம் காய்ச்சல்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பொது மருத்துவன் நான். ஒருவருடைய கதையிலிருந்து தொடங்குகிறேன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் போட வடக்கே போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். அப்படிப் போய்வந்த ஒருவரை ஒரு விடியற்காலையில் அவருடைய அண்ணன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார். மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, முந்தின நாள் மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. கை கால் சில்லென்று இருக்கிறது. தெர்மாமீட்டரில் பார்த்தால் காய்ச்சல் நூறுகூட இல்லை.

"நாலு நாளா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தோமுங்க, கேக்கலீங்க" என்றார் அண்ணன். வேறு வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க." அவர் டீ வாங்க வெளியே போன பிறகுதான் தம்பி என் கையைப் பிடித்து, "எச்.ஐ.வி. இருக்குதுங்க" என்றார். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததில் எட்டு மாதமாக எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கிற கூட்டு மருந்தை வாங்கவில்லையாம்.

அந்த ஒரு சொல்லால் நான் செய்ய வேண்டியது முழுக்க மாறிப்போனது.

ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று நம் பக்கம் சொல்வோமே, அதை மருத்துவர்கள் செப்சிஸ் என்பார்கள். கிருமியோடு போடுகிற சண்டையில் உடம்பு நிதானம் இழந்து, தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மூளையையும் தானே கெடுத்துக்கொள்கிற நிலை அது. அதில் மணி நேரங்கள்தான் கணக்கு.

எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். நல்ல உடம்பில் நோயை எதிர்க்கிற சிடி4 என்கிற அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது காய்ச்சல் காட்டக்கூட உடம்புக்குத் தெம்பில்லாமல் போகலாம். உள்ளே காசநோய் உடம்பு முழுக்கப் பரவியிருக்கலாம். கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சை மூளையின் உறையைப் பிடித்திருக்கலாம். சால்மோனெல்லா என்கிற பாக்டீரியா ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கிற சாதாரண கல்ச்சர் சோதனையில் காசநோய்க் கிருமி வளராது, அதற்கென்று தனியாகத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்பதே நீங்கள் சொல்வதில்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த மருந்துக்கடை மாத்திரை. அட்டையைப் பார்த்தேன், லீவோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக். காசநோயையும் அது ஓரளவு அமுக்கும். நாலு நாள் தேவலை போலத் தெரியும், நோய் ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிக்கத் தாமதமாகும். அரைகுறையாக அடிவாங்கித் தப்பிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். மற்றவர்களுக்காவது மருந்தோடு சேர்ந்து போராட எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. இவர்களுக்கு மருந்து ஒன்றுதான் துணை, அதுவும் கைவிட்டால் எங்களுக்கும் வேறு வழி இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்குக் கடைசிக் கட்டத்தில் நாங்கள் எடுக்கிற கோலிஸ்டின் என்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இல் தடை போட்டது. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இது தெரியும். கோழிக்குக் காட்டுகிற அந்தக் கவனம் நம் வீட்டு மாத்திரைப் பெட்டியிலும் வேண்டும்.

இதில் ஒரு குழப்பம் வரக் கூடாது. சிடி4 குறைந்தவர்களுக்கு, கூட்டு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் தினமும் போடச் சொல்லிக் கோட்ரைமாக்சசோல் தருவார்கள். அதுவும் ஆன்டிபயாட்டிக்தான், ஆனால் நிமோனியா மாதிரி நோய்கள் வராமல் காக்கிற மருந்து. மையத்தில் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

அவருக்குக் காசநோய்தான். பிழைத்துக்கொண்டார். அண்ணனிடம் எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறு மாதம் மருந்து வாங்க வந்தபோது வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது அண்ணன்தான்.

வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், உங்கள் நிலையை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சொந்தக்காரர் எதிரில் சொல்ல வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மையத்தில் கொடுத்த புத்தகத்தை நீட்டினால்கூடப் போதும். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.

மாத்திரையை விட்டவர்கள் மையத்துக்குத் திரும்பி வரத் தயங்குவது எதற்காகத் தெரியுமா? திட்டுவார்கள் என்றுதான். நானும் ஒரு காலத்தில் திட்டியிருக்கிறேன். அது தப்பு. அதனால் திரும்பி வராமலே போனவர்கள் உண்டு. எட்டு மாதமோ எட்டு வருடமோ, விட்டது விட்டதாக இருக்கட்டும், வாருங்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் போகிற ஊர் மையத்துக்கு மாற்றித் தருவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097க்குப் போன் போடுங்கள். பேர் சொல்ல வேண்டியதில்லை, காசும் கிடையாது.