காதடியில் ஒரு உருண்டை: உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கு சிடி ஸ்கேன் ஏன்?

[திரையில்: ஒரு விரல், காது மடலுக்குக் கீழே தாடை வளையும் இடத்தைத் தடவிப் பார்க்கிறது]

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே தோலுக்கு அடியில் ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. பரோடிட் என்று பெயர். பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்கிக்கொள்வது இதுதான்.

ஒரு நாள் முகம் கழுவும்போது ஒருவர் கையில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு உருண்டை தட்டுப்படுகிறது. வலி கிடையாது. சில மாதம் ஆகியும் போகவில்லை. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்துக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுக்கிறார். அதற்கப்புறம் சீட்டை வாங்கியவர் மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: இது புற்றுநோயா?

அந்தக் கேள்விக்கு சிடி ஸ்கேன் தனியாக முடிவு சொல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு உடைந்துபோகிறவர்களும் உண்டு, நிம்மதியாகி அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சிடி நன்றாகச் சொல்வது வேறு: கட்டி எந்தச் சுரப்பியில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்தில் எதைத் தொடுகிறது. அறுவை சிகிச்சை செய்பவருக்கு இது தெரியாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

[திரையில்: முகத்தின் பக்கவாட்டுப் படம். மூன்று சுரப்பிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாகப் பரோடிட். தாடைக்கு அடியில் ஒன்று. நாக்குக்கு அடியில் இன்னொன்று. இவை போக, வாய்க்குள்ளும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன.

கட்டிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பரோடிட்டில்தான் வருகின்றன. அந்தப் பரோடிட் கட்டிகளிலும் நூற்றுக்கு 75 முதல் 80 வரை புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டிகள். ஆனால் சுரப்பி சிறிதாகச் சிறிதாகக் கணக்கு தலைகீழாகிறது. தாடைக்கு அடியில் வரும் கட்டிகளில் பாதிக்கு நெருக்கமானவை புற்றுநோயாக இருக்கலாம். நாக்கடிச் சுரப்பியில் கட்டி வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான். அதனால் படத்தைத் திறந்ததும் பார்க்கிற முதல் விஷயம், கட்டி எந்தச் சுரப்பியில் இருக்கிறது என்பது.

[திரையில்: கழுத்தின் குறுக்குவெட்டு சிடி படம், சாம்பல் நிறத்தின் பல அளவுகளில்]

சரி, இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எப்படிப் படிப்பது?

சிடி இயந்திரம் உடலைச் சுற்றிலும் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்குப் போடுகிறது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு இப்படிப் படம் எடுத்துக் காட்டியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. அந்தத் தடுப்பை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். தண்ணீருக்கு 0. காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்பு சுமார் கழித்தல் 100. தசை 50-ஐ ஒட்டி. எண் கூடக் கூடப் படத்தில் வெளுப்பு கூடும்.

பரோடிட் சுரப்பியில் கொழுப்பு கலந்திருக்கிறது. அதனால் படத்தில் அது தசையைவிடக் கறுப்பாக, கொழுப்பைவிட வெளுப்பாக, நடுவில் நிற்கும். கட்டியில் அந்தக் கொழுப்பு இருக்காது. அதனால் கறுத்த சுரப்பிக்குள் வெளிறிய உருண்டையாகக் கட்டி தனியே தெரிகிறது. வயது ஏற ஏறச் சுரப்பியில் கொழுப்பு கூடும், கட்டி இன்னும் எடுப்பாகத் தெரியும். குழந்தைகளுக்கு இது நேர் எதிர். சுரப்பியே அடர்த்தியாக இருப்பதால் கட்டி அதோடு கலந்து மறைந்துகொள்ளலாம்.

அதற்காகத்தான் கான்ட்ராஸ்ட் மருந்து. கையில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் அயோடின் கலந்த திரவம். ரத்தக் குழாய்கள் பளிச்சென்று வெளுக்கும், ரத்த ஓட்டம் உள்ள கட்டியும் வெளுக்கும்.

[திரையில்: அதே படம், கான்ட்ராஸ்டுடன். தாடை எலும்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளியை அம்புக்குறி காட்டுகிறது]

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பரோடிட் சுரப்பியின் ஊடாக முக நரம்பு போகிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அந்த நரம்பின் வேலை. சுரப்பிக்குள்ளேயே அது ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அறுவை சிகிச்சையில் அதற்குக் காயம் பட்டால் முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போகும். அப்படிப்பட்ட நரம்பு, சுரப்பிக்குள் சிடியில் கண்ணுக்குத் தெரியாது!

அப்புறம் எப்படி? பக்கத்து வீட்டை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறோம். தாடை எலும்புக்குப் பின்னால் ஒரு சிரை, அதாவது ரத்தக் குழாய், மேலும் கீழுமாக ஓடுகிறது. கான்ட்ராஸ்ட் ஏறியதும் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முக நரம்பு வழக்கமாக அந்தச் சிரைக்குச் சற்றே வெளிப்பக்கமாகப் போகும். ஆகவே கட்டி சிரைக்கு வெளியே இருந்தால், நரம்புக்கு மேல்பக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். உள்ளே இருந்தால், நரம்பை மெல்ல விலக்கி அதன் அடியிலிருந்து கட்டியை எடுக்க வேண்டிவரும். இரண்டும் வேறு வேறு அறுவை சிகிச்சைகள். ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துத்தான் அந்த முடிவின் பெரும்பகுதி எடுக்கப்படுகிறது. கட்டி பெரிதாகிச் சிரையையே நகர்த்திவிட்டால் இந்தக் கணிப்பு தப்பவும் செய்யும்.

ஆழத்தில் வளரும் கட்டிகள் இன்னும் ஏமாற்றுபவை. தாடை எலும்புக்கும் அதன் பின்னால் இருக்கும் கூரிய எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து உண்டு. கட்டி அதன் வழியே தொண்டைப் பக்கம் நழுவிவிடும். வெளியே பார்த்தால் சுண்டைக்காய் அளவு வீக்கம். உள்ளே நடுவில் இடுங்கி, இரு முனையும் பருத்து, டம்பெல் மாதிரி கிடக்கும். வாயைத் திறந்தால் ஒரு பக்க டான்சில் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கலாம். விரலால் தொட்டு இதை அளக்க முடியாது. சிடியில் தொண்டையை ஒட்டிய கொழுப்புப் பட்டை உள்பக்கமாகத் தள்ளப்பட்டிருப்பதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும்.

[திரையில்: இரண்டு கட்டிகள் அருகருகே. ஒன்றின் விளிம்பு வழவழப்பு, மற்றதன் விளிம்பு சிதைந்து பரவியது]

இப்போது எல்லோரும் காத்திருக்கும் பகுதி. நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?

மிக அதிகமாக வருவது பிளியோமார்ஃபிக் அடினோமா. புற்றுநோய் அல்ல. விளிம்பு தெளிவாக, முண்டு முண்டாக இருக்கும். கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாகத்தான் ஏற்கும். பல ஆண்டுகள் அப்படியே விட்டால் சிலருக்கு அதுவே புற்றுநோயாக மாறக்கூடும். அதனால்தான் சாதாரணக் கட்டி என்றாலும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அடுத்தது வார்த்தின் கட்டி. புகைபிடிப்பவர்களிடம் அதிகம், பரோடிட்டின் கீழ் நுனியில் வரும், சில சமயம் இரண்டு பக்கமும் வரும். மருந்தைச் சீக்கிரம் வாங்கிச் சீக்கிரம் விட்டுவிடும்.

புற்றுநோய் என்றால் விளிம்பு மங்கி, பக்கத்துத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் ஊடுருவியிருக்கும், எலும்பை அரித்திருக்கும், கழுத்து நெறிக்கட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) பெருத்து நடுவில் அழுகியிருக்கும். இவை எல்லாம் பலமான அறிகுறிகள்.

ஆனால் தீவிரம் குறைந்த புற்றுநோய் பளிங்குக் குண்டு மாதிரி வழவழப்பான விளிம்போடும் வரும். மியூக்கோஎபிடெர்மாய்டு என்ற வகை இந்த வேடத்தை நன்றாகவே போடும். எனவே ரிப்போர்ட்டில் "தெளிவான விளிம்பு" என்று இருப்பதைப் படித்துவிட்டு வீட்டோடு இருந்துவிடாதீர்கள். மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை அதற்கு அப்புறமும் தேவை. கத்தியால் கீறித் துண்டு எடுப்பதைப் பரோடிட்டில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். உறை கிழிந்தால் செல்கள் சிந்தி, கட்டி பல இடத்தில் திரும்ப முளைக்கலாம்; முக நரம்பும் அங்கேயே இருக்கிறது.

[திரையில்: மண்டை ஓட்டின் அடிப்பகுதி. சின்னச் சின்னத் துளைகள்]

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று ஒன்று. மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே ஊர்ந்து மண்டைக்குள் ஏறப் பார்க்கும். நரம்பு வெளிவரும் எலும்புத் துளை ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால் சிடி அதைக் காட்டும். ஆனால் எலும்பு அகலும்போது நோய் கொஞ்சம் முன்னேறியே இருக்கும். நரம்பையே பார்க்க எம்ஆர்ஐதான் மேல். அண்ணத்துக் கட்டிக்கும் அதுவே நல்லது. சிடியின் பலம் எலும்பு, கல், வேகம். வீக்கத்துக்குக் காரணம் கட்டியே இல்லை, உமிழ்நீர்க் குழாயில் அடைத்த கல் என்று சிடி சொல்லிவிட்ட நல்ல நாள்களும் உண்டு.

[திரையில்: ஸ்கேன் அறை. ஒருவர் மேசையில் மல்லாந்து படுத்திருக்கிறார்]

போவதற்கு முன் சொல்ல வேண்டியவை: முன்பு கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பது, கர்ப்பம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கச் சொல்லலாம். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும்; பயப்பட வேண்டாம். படம் எடுக்கும் சில நொடிகள் எச்சில் விழுங்காமல் இருங்கள், விழுங்கினால் தொண்டைப் பகுதி கலங்கிவிடும். பல்லில் உலோக அடைப்போ உறையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதிலிருந்து படத்தில் கோடுகள் பாய்ந்து கட்டியை மறைக்கும். தெரிந்திருந்தால் கோணத்தை மாற்றி எடுப்பார்கள்.

முகத்தில் ஒரு பக்கம் தொய்கிறது, கண் சரியாக மூடவில்லை, கட்டி சில வாரத்தில் வேகமாகப் பெருக்கிறது, மரத்துப்போகிறது அல்லது விடாமல் வலிக்கிறது என்றால் இவற்றையும் ஸ்கேன் அறையில் எழுதிக் கொடுங்கள். படத்தைப் படிப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. "இடது பக்கம் சிரிக்க வரவில்லை" என்று ஒரு வரி இருந்தால், அவர் முக நரம்பு மண்டை ஓட்டிலிருந்து வெளிவரும் அந்தச் சின்னத் துளையைப் போய் இன்னொரு முறை பார்ப்பார்.