மெம்பரை இறக்கக் கையெழுத்து வேட்டையா? முதலில் இந்த நோட்டைப் பாருங்கள்!

(காட்சி: கொழிஞ்சாம்பாறை டீக்கடை. பெஞ்சு மேல் ஒரு கோடு போட்ட நோட்டு.)

வணக்கம் மக்களே! ஓட்டுக் கேட்க நாலு தடவை வாசலுக்கு வந்த பஞ்சாயத்து வார்டு மெம்பர், ஜெயித்த பிறகு போனையே எடுப்பதில்லை. அஞ்சு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? நம்ம பாலக்காடு சித்தூர் தாலுக்காவில் எங்கே போனாலும் ஒரே கேள்வி: "ஏனுங்க, ஆயிரம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தா ஆளை எறக்கிரலாமுங்களா?"

முடியாதுங்க. ஜெயித்தவரைப் பாதியிலேயே மக்கள் இறக்கும் 'திரும்ப அழைக்கும் உரிமை' கேரளச் சட்டத்தில் இல்லை. நோட்டை மூட வேண்டாம், வேறு வேலை இருக்கிறது.

(காட்சி: இரண்டு நாற்காலி. ஒன்றில் ஆள், இன்னொன்று காலி.)

அதற்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்க மக்களே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். சின்னம் என்ன தெரியுமா? நாற்காலி! ஆள் உட்கார்ந்த நாற்காலிக்குக் குத்தினால் தலைவர் இருக்கட்டும். காலி நாற்காலிக்குக் குத்தினால் கிளம்பட்டும். எதிர் வேட்பாளரே கிடையாது, ஒரு மனுஷன் தன் நாற்காலியோடு மோதுகிறார். பிரச்சாரச் செலவும் மிச்சம், பந்தல்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் சேர் வாடகைக்கு எடுத்தால் போதும். பக்கத்துச் சத்தீஸ்கரில் 2008 ஜூனில் மூன்று ஊர்த் தலைவர்களை மக்கள் இப்படித்தான் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் அங்கேயும் ஆரம்பித்து வைப்பது மக்கள் இல்லை. கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் விஷயம் கலெக்டருக்கே போகும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சாவி மறுபடியும் அவர்கள் கையிலேயே!

(இந்நேரம் ஒருவர் "உத்திரமேரூரிலேயே இருந்தது" என்று டைப் பண்ணிக்கொண்டிருப்பார். அண்ணே, அந்தச் சோழர் காலக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு சொல்வது வேறு: கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் சொந்தக்காரர் பெயரும் அடுத்த தடவை குடத்தில் விழாது.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பஞ்சாயத்துத் தலைவரை மெம்பர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இறக்கலாம். மூன்றில் ஒரு பங்கு பேர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அது அவர்கள் ஆட்டம், நமக்கு வேடிக்கை.

நம்ம ஆட்டம் கிராமசபையில், அதாவது வார்டு வாக்காளர் எல்லாரும் கூடும் கூட்டத்தில். 1994 கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வார்டு கிராமசபையைக் கூட்டுவது மெம்பர் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்ட வேண்டும். வாக்காளரில் பத்து சதவீதம் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். 1,200 ஓட்டு உள்ள வார்டில் 120 பேர். அடுத்தடுத்து இரண்டு தடவை கூட்டாமல் விட்டால் மெம்பர் பதவிக்கே ஆபத்து. அதைக் கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்தில் மனுப் போடச் சக மெம்பர்தான் வேண்டும் என்பதில்லை, அந்த வார்டு வாக்காளரே போடலாம். நீங்களும் போடலாம்!

அங்கே ஆயிரம் கையெழுத்தைக் காட்டிப் பயனில்லை. எந்த மாதம் கூட்டம் நடக்கவில்லை என்பதற்கு ஆதாரம்தான் கேட்பார்கள். இந்த நோட்டு அதற்குத்தான்: தேதி, அறிவிப்பு வந்ததா, எங்கே கூடியது, எத்தனை பேர். பஞ்சாயத்து ஆபீசில் தகவல் உரிமைச் சட்டத்தில் கிராமசபைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள், மனுக் கட்டணம் 10 ரூபாய். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். நம்மைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு ஆபீசுக்குத் தமிழிலேயே எழுதலாம், சட்டம் இடம் தருகிறது.

நகல் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் கையெழுத்துகளை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த உங்கள் அத்தை அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்து இருக்கிறதா? அத்தையிடம் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.