மூன்று முறை போன கடை

நேயர்களுக்கு வணக்கம். நான் பதினாறு வருடங்களாக நியூயார்க்கில் வேலை பார்க்கிறேன். அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது எதைப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரே கடைக்கு மூன்று முறை போய், மூன்று விதமாகச் சாப்பிட்டு வந்த அனுபவம் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. அது யூதர்களின் டெலி, பதப்படுத்திய கறியும் சாண்ட்விச்சும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடை. டெலிகாட்டெசன் என்பது முழுப்பெயர், ஆனால் அங்கே யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை.

அங்கே முக்கியமான பண்டம் மாட்டிறைச்சி. அது சாப்பிடாத நேயர்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சூப்பும் ஊறுகாயும் ரொட்டியும் பின்னால் வருகின்றன.

1880களிலிருந்து 1924இல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் கட்டுப்பாடு போடும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பெரும்பகுதியினர் முதலில் இறங்கித் தங்கியது நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு. தையல் பட்டறையில் பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு, பழகிய ருசியில் கையில் எடுத்துச் சாப்பிட ஒன்று தேவைப்பட்டது. அப்படி வளர்ந்தவைதான் இந்தக் கடைகள். 1930களில் அந்த நகரத்தில் கோஷர் டெலிகள் மட்டுமே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருந்தன. கோஷர் என்றால் யூத மத உணவு விதிப்படி நடப்பது. இன்று அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கடைகளின் உயிர் பாஸ்ட்ராமி. நம் ஊர் உப்புக்கண்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் உலர்த்துகிறோம். அவர்கள் உப்புத் தண்ணீரில் பூண்டும் மசாலாவும் போட்டு நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள், சில கடைகளில் வாரக்கணக்கில். பிறகு மேலே என்ன தடவுகிறார்கள் தெரியுமா? கொத்தமல்லி விதையும் மிளகும். முதல்முறை அந்த வாசனை வந்தபோது எனக்கு எங்கள் வீட்டு அம்மிதான் ஞாபகம் வந்தது. மசாலா தடவியதை மணிக்கணக்கில் புகையில் வைக்கிறார்கள். அதற்கப்புறம் ஆவியில் வேகவைக்கிறார்கள். ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பக்குவம் இது. அங்கே வாத்துக் கறியிலும் செய்வார்கள். அமெரிக்காவில் மாட்டின் அடிவயிற்றுப் பக்கத்துக் கறி மலிவாகக் கிடைத்ததால் அதற்கு மாறிக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி ஆவியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வருத்தம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நான் போனது மன்ஹாட்டனில் நல்ல பெயர் பெற்ற கடை. பெயர் வேண்டாம். முதல்முறை என்னைக் கூட்டிப் போனவர் அலுவலக நண்பர். அறுபதைத் தாண்டியவர், புரூக்ளினில் பிறந்து வளர்ந்த யூதர். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு டெலிக்குப் போவாராம். வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாண்ட்விச் வந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும், வாயில் வைக்கவே முடியாது. பக்கத்து மேசைக்காரர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் மேலே இருந்த ரொட்டித் துண்டை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினார், உள்ளே பார்த்தார், திரும்ப மூடி வைத்துவிட்டார். நானும் பார்த்தேன். தாள் கனத்தில் இயந்திரம் சீவிய கறி, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. மேலே எண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு. குளிர்ந்த நிலையில் சீவிப் பிறகு அவசரமாகச் சூடாக்கியது என்று அவர் சொன்னார். கடித்தால் உப்பு தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. ரை என்ற தானியத்தின் மாவில் சுட்ட அந்த ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், அன்று அது ஈரத் துணி மாதிரி பிய்ந்தது. “என் அப்பா இதைத் தொட்டிருக்க மாட்டார்” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஆனால் பாருங்கள், அதே மேசையில் வந்த சூப்பை என்னால் மறக்க முடியவில்லை. மாட்சோ என்பது புளிக்காத மாவில் சுடும் பஸ்கா பண்டிகை ரொட்டி. அதைப் பொடித்து, முட்டையும் கோழிக் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கி வேகவைத்து, தெளிந்த கோழிச் சாற்றில் மிதக்கவிடுகிறார்கள். மேலே கொஞ்சம் சதகுப்பைக் கீரை. நல்ல இட்லியில் கரண்டி எப்படி இறங்குமோ அப்படி இறங்கியது. சாறும் அப்படியே, கோழியை நிதானமாக, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மட்டுமே வரும் நிறம். வாடிப்போயிருந்த நண்பரின் முகம் அந்தச் சூப்பில்தான் தெளிந்தது. ஊறுகாயும் நன்றாக இருந்தது. வினிகர் சேர்க்காமல், வெறும் உப்புத் தண்ணீரில் புளிக்கவிட்ட வெள்ளரிப் பிஞ்சு. நம் மாவடு தெரிந்தவர்களுக்கு அந்தப் பதத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வோம். டெலிக்கு அது பொருந்தாது. அங்கே சூப் வைப்பவர் கை வேறு, கறி வெட்டுபவர் கை வேறு, ரொட்டி பெரும்பாலும் வெளியே ஏதோ பேக்கரியிலிருந்து வருகிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை மதிப்பிட முடியவில்லை. அதனால்தான் மனசு கேட்காமல் மறுபடியும் போனேன்.

இரண்டாவது தடவை, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மகனையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு மதியம் போனேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசல்வரை வரிசை. அன்று சூப்பும் ஆறிப்போய் வந்தது. லாட்கே என்று உருளைக்கிழங்கைத் துருவித் தட்டி எண்ணெயில் சுடும் அடை ஒன்று உண்டு, பிழிந்தால் எண்ணெய் சொட்டும்போல் இருந்தது. பாஸ்ட்ராமி போன தடவை மாதிரியேதான். பில் எழுபது டாலரைத் தாண்டியது. “இதற்கா இவ்வளவு பெருமையாகச் சொன்னே?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது முறை தனியாக, ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போனேன். நல்ல மழை, கடையில் ஆளே இல்லை. கறி வெட்டும் இடத்துக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, கையால் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். வெட்டுபவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். “கேட்டால் வெட்டித் தருவோம்” என்றார்.

ஆவிப் பெட்டியைத் திறந்து ஒரு முழுத் துண்டை எடுத்தார். மேலெல்லாம் கன்னங்கரேலென்று மிளகும் மல்லியும் அப்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அதை உள்ளே வைத்தார், வேறொன்றை எடுத்து அழுத்தினார். அதுதான் பதம். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, விரல் கனத்துக்குச் சற்றுக் குறைவாக, நிதானமாக வெட்டினார். கத்தி பட்டதும் ஓரங்கள் தானாக உதிர்ந்தன. ஒரு துண்டைச் சின்னத் தட்டில் வைத்து முதலில் ருசி பார் என்று நீட்டினார். கொழுப்பு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. நாக்கில் வைத்ததும் புகை, அப்புறம் மிளகு, அதற்கும் அப்புறம் மெதுவாக மல்லி. மெல்ல வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தன. கடைக்குக் கைப்பக்குவம் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்திருக்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்கு ஒன்று, தெரியாமல் ஆசையாக வருபவனுக்கு வேறொன்று. பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவதை நம்மால் பொறுக்க முடியுமா? வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த ஊருக்கு வருகிறவர்கள் எத்தனை பேர். அவர்கள் பாஸ்ட்ராமி என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார்களே!

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாஸ்ட்ராமி சரியாக வெந்தால் குழைந்துவிடும், இயந்திரத்தில் வைத்தால் உதிர்ந்துபோகும். இயந்திரத்தில் சீவ வேண்டுமானால் வேக்காட்டைக் குறைத்தாக வேண்டும். கையால் வெட்டுவதற்கோ தேர்ந்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். போதாததற்கு, புகையிலும் ஆவியிலும் கறியின் எடை நிறையக் குறைந்துவிடுகிறது. வேகவைக்க வேகவைக்க நஷ்டம். இதெல்லாம் போக மன்ஹாட்டன் வாடகை. 1954இல் தொடங்கிய செகண்ட் அவென்யூ டெலி, வாடகைத் தகராறில் 2006இல் பழைய இடத்தையே விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு வேறு தெருவில் திறந்தது. மலைபோல் அடுக்கிய சாண்ட்விச்சுக்குப் பேர்போன கார்னெகி டெலி 2016 டிசம்பர் கடைசி நாளோடு மூடிவிட்டது.

ஆனாலும் முடியாத காரியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1888இல் தொடங்கி இப்போது நியூயார்க்கின் ஹவுஸ்டன் தெருவில் நடக்கும் காட்ஸ் கடையில் எல்லாருக்குமே கையால்தான் வெட்டித் தருகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1947இல் தொடங்கிய லேங்கர்ஸும் அப்படித்தான். அங்கே ரொட்டியை முழுசாக அடுப்பில் மறுபடி சூடேற்றி, அப்புறம்தான் துண்டு போடுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பதன் ரகசியம் அதுதான்.

நீங்கள் போக நேர்ந்தால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். கையால் வெட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கொழுப்பில்லாத துண்டு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ருசி அதில்தான் இருக்கிறது. கறியோடு பால் சேரக்கூடாது என்பது விதி என்பதால், கோஷர் கடையாக இருந்தால் காபிக்குப் பால் கிடைக்காது. பாலாடைக்கட்டி வைத்த சாண்ட்விச் பட்டியலில் இருந்தால் அது கோஷர் பாணிக் கடை, கோஷர் கடை அல்ல. கறி வேண்டாதவர்கள் கினிஷ் கேளுங்கள், உருளைக்கிழங்கு மசியலை மாவில் பொதிந்து சுட்டது.

அலுவலக நண்பரை அடுத்த வாரமே அதே கடைக்குக் கூட்டிப்போனேன். வரவே மாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. அதே செவ்வாய், அதே மூன்று மணி. வெட்டுபவரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாண்ட்விச் வந்தது. போன தடவையில் பாதி உயரம்கூட இல்லை. நண்பர் வழக்கம்போல் மேல் ரொட்டியை இரண்டு விரலால் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், கடுகு விழுது இருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.