மாமாவின் ஒரு கேள்வியும் என் ஈரல் கலங்களும்

சரி, வணக்கம் எல்லாருக்கும். காற்று கூடத்தான் அடிக்கிறது, கல்லடியில் வாவிக்கரையில் இருந்து கதைக்கிறேன், மைக்கில் பஞ்சு சுற்றியிருக்கிறேன், அதையும் மீறி இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எடுக்கலாம் என்று பார்த்தால் அம்மா சரியாக அந்த நேரம் கிரைண்டரைப் போட்டுவிட்டார். மட்டக்களப்பு, வாவி, ஆய்வுகூடம் என்றவுடன் பாடும் மீனை இழுத்து ஏதாவது உவமை சொல்வேன் என்று பயப்படாதீர்கள், இன்றைக்கு அது இல்லை.

போன கிழமை படுவான்கரையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வெள்ளாமைக்கு மருந்து அடித்துவிட்டு வந்து, கையைச் சும்மா சாரத்தில் துடைத்துவிட்டு வெத்திலைத் தட்டை எடுத்தார். நான் ஏசினேன். அதற்கு அவர், "மருமகள், நீ கொழும்பில ஈரலுக்கு மருந்து ஊத்தித்தானே படிச்ச? அப்ப சொல்லுகா, நான் அடிக்கிற மருந்து எண்ட ஈரலுக்குக் கூடாதா, இல்லையா? ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை" என்றார். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. ஏனென்றால் நான் செய்தது உண்மையிலேயே அதுதான், இருந்தும் அவருக்கு ஓம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்த ஈரல். ஈரல் முழுசாக இல்லை, குடுவையில் வளரும் கலங்கள், அதாவது செல்கள், பெயர் ஹெப்-ஜி-2. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியில் இருந்து 1970களில் எடுத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் 37 பாகை சூட்டில் அந்தக் கலங்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. யோசித்தால் ஒரு மாதிரி இருக்கும். மலிவு, வளர்ப்பது லேசு, ஆனால் ஒரு பெரிய குறை உண்டு: உங்கள் ஈரலில் இரசாயனங்களை உடைக்கிற நொதியங்கள் பல இதில் மிகக் குறைவு. இதை மனதில் வைத்திருங்கள், மாமாவுக்குப் பதில் சொல்லும்போது வரும்.

பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, நான் ஜீன் என்றே சொல்கிறேன். புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் நம்மிடம் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன, எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. ஒரு ஜீன் தேவைப்படும்போது கலம் அதை ஆர்.என்.ஏ ஆகப் பிரதி எடுக்கும், கூடத் தேவை என்றால் கூடப் பிரதிகள். இரசாயனம் ஊற்றாத கலத்தில் எத்தனை பிரதி, ஊற்றிய கலத்தில் எத்தனை பிரதி என்று ஒப்பிடுவதுதான் என் வேலை.

நான் ஊற்றியது பென்சோபைரீன். அடுப்புப் புகையிலும் சிகரட் புகையிலும் கருகிய இறைச்சியிலும் இருப்பது, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் வரிசையில் உள்ளது. இது கலத்துக்குள் போனவுடன் ஏ.எச்.ஆர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு கலத்தின் நடுவில் டி.என்.ஏ இருக்கும் கருவுக்குள் போய், சிப்-1ஏ1 என்ற ஜீனைத் திறந்துவிடுகிறது. அந்த ஜீன் செய்யும் நொதியத்தின் வேலை, வந்த விஷத்தைத் தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்றி வெளியே அனுப்புவது. நல்லதுதானே? ஆனால் அப்படி மாற்றும் வழியில்தான் டி.என்.ஏயில் போய் ஒட்டிக்கொள்ளும் மிக மோசமான பொருளும் உருவாகிறது. துப்புரவு செய்ய வந்தவனே வீட்டுக்குள் சேற்றை மிதித்துவிட்டுப் போகிற மாதிரி. ஆகவே இந்த ஜீன் கூடிவிட்டது என்று நான் சொன்னால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கலம் அந்த இரசாயனத்தைக் கண்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்லலாம்.

இதை எப்படி எண்ணுவது? கலங்களை ட்ரைசோல் என்ற திரவத்தை ஊற்றிக் கரைத்து, குளோரோபோம் சேர்த்துச் சுழற்றினால் குழாயில் மூன்று அடுக்கு வரும், கீழே இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஆடை, மேலே தெளிந்த நீர். ஆர்.என்.ஏ மேலே இருக்கும். இங்கே பேராசை கூடாது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சப் போனால் ஆடையும் சேர்ந்து வந்துவிடும், பிறகு எல்லாம் அழுக்கு. அதோடு ஆர்.என்.ஏயை அரித்துத் தின்னும் நொதியம் நம் விரலிலேயே இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் லேசில் சாகாது. கையுறை போட்டுக்கொண்டு கைபேசியைத் தொட்டுவிட்டு அதே கையுறையோடு வேலை செய்தால் போடாததற்குச் சமம். எடுத்த ஆர்.என்.ஏயை மைனஸ் 80 பாகையில் வைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்களே, அப்போது நாங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு அந்தக் குளிர்பெட்டியின் கதவையே திறக்காமல் இருந்தோம்.

அப்புறம் ஆர்.என்.ஏயை டி.என்.ஏ ஆக மாற்ற வேண்டும். அதற்கான நொதியத்தை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், 1975இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த டி.என்.ஏயை இயந்திரத்தில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும், கூடக் கூட அதில் சேர்த்த சாயம் விடும் ஒளியும் கூடும், அந்த ஒளி ஒரு குறித்த அளவைத் தாண்டும் சுற்றின் எண்தான் சி.டி. எண் குறைந்தால், தொடக்கத்தில் பிரதிகள் கூட இருந்தன என்று அர்த்தம். ஊற்றாத கலத்தில் 27, ஊற்றியதில் 22 என்று வந்தால் 5 சுற்று வித்தியாசம், 2ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 32 மடங்கு. ஒரேயொரு சுற்று தப்பினாலே பதில் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். இது ஞாபகம் இருக்கட்டும், ஏனென்றால் நான் விழுந்தது இந்த இடத்தில்தான்.

எல்லாக் குழாயிலும் ஒரே அளவு ஆர்.என்.ஏ போட்டோம் என்று நம்ப முடியாது. அதனால் மாறாமல் இருக்கும் ஒரு ஜீனைப் படிக்கல்லாக வைத்து மற்றதை நிறுப்போம். எல்லாரும் எடுப்பது கேப்-டி-எச், நானும் அதையே எடுத்தேன். அந்த முறை கலங்களுக்கு ஊற்றியது பென்சோபைரீன் இல்லை, வேறொரு இரசாயனம். முடிவு வந்தது, பார்த்த 12 ஜீனும் கூடியிருக்கின்றன, எல்லாம் ஏறத்தாழ 2 மடங்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அம்மாவுக்குக்கூட போன் எடுத்துச் சொன்னேன், அவர் சாப்பிட்டாயா என்று கேட்டார். அடுத்த நாள் எங்கள் மேற்பார்வையாளர் என் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை, சி.டி எண்களைக் காட்டு என்றார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "12 ஜீனும் ஒரே அளவு கூடுமா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். திரும்பிப் பார்த்தால் அந்த 12இல் ஒன்றுமே அசையவில்லை. கேப்-டி-எச்தான் அந்த இரசாயனம் பட்ட கலங்களில் பாதியாகக் குறைந்திருந்தது, அதன் சி.டி ஒரு சுற்றுப் பிந்தியிருந்தது. சந்தையில் தேய்ந்த படிக்கல்லை வைத்து மீன் நிறுத்தால் எல்லா மீனும் பாரமாகத்தானே காட்டும்? மீன் பருத்ததாக நான் எழுதிவைத்திருந்தேன். ஒரு மாத வேலை. அதற்குப் பிறகு நான் மூன்று படிக்கல்லுக்குக் குறைய வைப்பதில்லை, அந்த மூன்றும் அசையவில்லையா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

இன்னொன்று, பென்சோபைரீன் தண்ணீரில் கரையாது, டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்து ஊற்றுவோம். அப்படியென்றால் ஒன்றும் ஊற்றாத கலத்துக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ கொடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எது செய்த வேலை என்று யாருக்குத் தெரியும்? அளவும் கலம் சாகும் அளவாக இருக்கக்கூடாது, சாகிற கலம் சாவைப் பற்றித்தான் சொல்லும்.

இப்போது மாமாவுக்கு வருவோம். நான் ஊற்றுவது சுத்தமான ஒரு பொருள். அவர் அடிப்பது போத்தல், அதில் மருந்தோடு அது இலையில் ஒட்டவும் பரவவும் சேர்க்கும் பொருட்களும் இருக்கும், சில நேரம் மருந்தைவிட அதுகள்தான் கலத்தைக் கூடத் தாக்கும். என் கலங்கள் 24 மணித்தியாலம் தொடர்ந்து அதில் கிடக்கின்றன, அவர் ஒரு போகத்தில் சில நாள் அடிக்கிறார், தோலாலும் மூச்சாலும் வெத்திலையாலும் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாரும் அளக்கவில்லை. அவருடைய ஈரலில் இருக்கும் நொதியங்கள் பல என் குடுவையில் மிகக் குறைவு. என் இயந்திரம் சொல்வதெல்லாம், இந்தப் பொருள், இந்த அளவில், இந்தக் கலத்தில், இந்த ஜீனை இத்தனை மடங்கு மாற்றியது, அவ்வளவுதான். அதுவும் படிக்கல் சரியாக இருந்தால்.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், கையுறை போடுங்கள், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி அடியுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெத்திலையைத் தொடாதீர்கள் என்றேன். "அது எனக்கும் தெரியும்" என்றார். சரி, குறைந்தது என்ன மருந்து என்றாவது பார்ப்போம், போத்தலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். இதோ, கேமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், தெரிகிறதா? லேபல் வெயிலில் வெளிறிப் போய், மூலையில் மண்டை ஓடு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.