லிங்கன் கடையின் பற்றுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

1832ஆம் ஆண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம், சாங்கமன் ஆற்றங்கரை மேட்டில் நியூ சேலம் என்று ஒரு சிற்றூர். நம் மாம்பழச் சேலத்துக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் உருவான ஊர். எண்ணிப் பார்த்தால் இருபது, இருபத்தைந்து வீடுகள். தானியம் அரைக்க ஆற்றில் ஒரு மில், ஒரு கொல்லுப்பட்டறை, பீப்பாய் செய்கிறவர் ஒருவர். இத்தனை சிறிய ஊரில் கடைகள் மட்டும் ஒன்றுக்கு மேல். அவற்றில் ஒன்றை 23 வயது இளைஞர் ஒருவர் கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். கூட்டாளி பெயர் வில்லியம் பெர்ரி. இளைஞர் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் கையில் அப்போது பணம் கிடையாது. சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றிருந்தார், வேறு வேலையும் இல்லை. கடையை விற்றவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார், கடை கைமாறியது. காசு கைமாறவில்லை. சரி, ஏதோ ஒரு அவசரத்துக்கு இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களில் வியாபாரம் என்பதே பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. ஊசி வாங்கினாலும் கணக்கில் எழுது, பசு வாங்கினாலும் கணக்கில் எழுது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

முதலில் கடைக்குள் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒரே ஒரு அறை. உப்பு, வெல்லப்பாகு, ரம், விஸ்கி எல்லாம் பீப்பாயில். அலமாரியில் துணி, பீங்கான், ஆணி, வெடிமருந்து, புகையிலை, ஊசி, பொத்தான், பஞ்சாங்கம், பைபிள். தேயிலை சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தது. காப்பிக்கொட்டை பச்சையாகத்தான் கிடைக்கும், வீட்டில் வறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சர்க்கரை கூம்பு வடிவத்தில் கல் மாதிரி இறுகி, நீலக் காகிதம் சுற்றி வரும். அதை உடைக்க இடுக்கி மாதிரி ஒரு கருவி தனியாக உண்டு. அந்த நீலக் காகிதத்தையும் பெண்கள் எறிவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து, இறங்கும் சாயத்தில் நூலை முக்கி எடுப்பார்கள். நம் பக்கத்துச் சரக்கும் கிழக்குக் கடற்கரை அமெரிக்கக் கடைகளில் இருந்தது. 1794இல் பிரிட்டனோடு ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கக் கப்பல்கள் கல்கத்தா, சென்னை வரை தாராளமாக வந்து போயின. மதராஸ் கைக்குட்டைகள் அந்தப் பெயரிலேயே அங்கே விலைபோயின.

இதில் சர்க்கரை, வெல்லப்பாகு, பருத்தி மூன்றும் பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. கடைக் கணக்கில் அது எங்கேயும் தெரியாது. அதைச் சகிக்க முடியாமல், அடிமை உழைப்பு கலக்காத சரக்கை மட்டும் விற்கிறேன் என்று 1826இல் பால்டிமோர் நகரத்தில் பெஞ்சமின் லண்டி என்பவர் ஒரு கடையே திறந்தார். அப்படிப்பட்ட கடைகள் பிறகு இன்னும் சில வந்தன. ஆனால் விலை கூடுதல், சரக்கும் சரியாகக் கிடைக்காது. அவை பெரிதாக ஓடவில்லை.

இனி வாங்குகிறவர் பக்கம் வருவோம். குடியானவர் கையில் காசு கிடையாது, சரி. பொருள் நிறைய உண்டு. வெண்ணெய், முட்டை, பாலாடைக்கட்டி, இறகு, தேன்மெழுகு, தோல், சோளம். இவை போக, நமக்கு விசித்திரமாகப் படக்கூடிய இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று சாம்பல். காட்டை வெட்டி நிலமாக்கியவர்கள் மரங்களைக் குவித்து எரித்தார்கள். பயிர் வைக்கும் முன்னாலேயே கைக்கு வந்த முதல் வருமானம் அந்தச் சாம்பல்தான். கடைக்காரர் புஷல் கணக்கில் அளந்து வாங்கிக்கொள்வார். அதில் தண்ணீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சினால் பொட்டாஷ். கண்ணாடிக்கும் சோப்புக்கும் துணி ஆலைக்கும் வேண்டியது, கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமை எதற்கு தெரியுமா? 1790 ஜூலை 31ஆம் தேதி, பொட்டாஷ் செய்யும் முறைக்காகச் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குக் கொடுத்தது. இன்னொரு பொருள் கந்தல் துணி. அப்போது காகிதம் மரக்கூழில் செய்யவில்லை, பருத்தி, லினன் கந்தலில்தான் செய்தார்கள். ஆகவே கிழிந்த சட்டைக்கும் கடையில் மதிப்பு இருந்தது.

மாசசூசெட்ஸ் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கியூபாவிலிருந்து வந்த பனையோலையைக் கடைக்காரரே வீடுகளுக்குக் கொடுப்பார். பெண்களும் சிறுமிகளும் உட்கார்ந்து தொப்பி பின்னுவார்கள். முடிந்த தொப்பியைக் கடையில் கொடுத்தால் கூலி கணக்கில் ஏறும், அந்தக் கூலிக்குத் துணியும் தேயிலையும் எடுத்துக்கொள்ளலாம். கூலி கொடுக்கிறவரும் அவரே, அந்தக் கூலிக்குச் சரக்கு விற்கிறவரும் அவரே. இரண்டு பக்கமும் லாபம் அவருக்குத்தான் என்று சொல்லத் தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தொப்பிகளை எங்கோ ஒரு நகரத்தில் விற்றுத் தீர்க்கிற தலைவலியும் அவருடையதுதான்.

வெண்ணெய் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஒரு வீட்டு வெண்ணெய் மணக்கும், இன்னொரு வீட்டு வெண்ணெயில் காறல் அடிக்கும். முகத்துக்கு நேராக வேண்டாம் என்றால் அந்தக் குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விடும். அதனால் நல்லதையும் மட்டமானதையும் வாங்கி ஒரே தொட்டியில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. நஷ்டத்தை வேறு சரக்கின் விலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

கணக்கு எப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம். கடை மேசையில் ஒரு நாளேடு. யார் வந்தார், என்ன எடுத்தார், என்ன கொடுத்தார் என்று வரிசையாக அதில் எழுதுவார். இரவு விளக்கு வெளிச்சத்தில் அதைப் பேரேட்டில் பெயர்வாரியாகப் பெயர்த்து எழுத வேண்டும், பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். அரைப் பவுண்டு தேயிலை பற்று. ஆறு பவுண்டு வெண்ணெய் வரவு. வண்டியில் கடைச் சரக்கு ஏற்றி வந்த ஒருநாள் கூலி, அதுவும் வரவு. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து இருவரும் உட்கார்ந்து நேர் பார்ப்பார்கள். மீதி நின்றால் அதற்கு ஒரு நோட்டு எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு, அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவதும் உண்டு. அந்த நோட்டையே எடுத்துப் போய் வேறொருவர் கடனுக்குக் கொடுப்பதும் உண்டு. பெயர் சொன்னால் ஊருக்குத் தெரிந்த ஆள் என்றால், அவர் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு நாணயம் போலவே புழங்கியது.

எல்லாம் கடன் என்றாலும் கணக்கு டாலரிலும் சென்ட்டிலும்தான். இங்கே ஒரு வேடிக்கை. 1833 மார்ச்சில் பெர்ரியும் லிங்கனும் சாராயம் விற்கவும் சாப்பாடு போடவும் உரிமம் வாங்கினார்கள். அதோடு மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியலும் கொடுத்தது. அரைப் பைன்ட் விஸ்கி 12½ சென்ட். ரம் 18¾ சென்ட். ஒருவேளைச் சாப்பாடு 25. ராத்தங்கல் 12½. அரையும் முக்காலும் எதற்கு? அமெரிக்க நாணயச் சாலை அடித்த காசு போதாமல், மெக்சிகோவில் அடித்த ஸ்பானிய வெள்ளிதான் ஊரெல்லாம் புழங்கியது. அந்த டாலருக்கு எட்டு ரியால். எட்டில் ஒன்று என்றால் 12½ சென்ட், ஒன்றரை ரியால் என்றால் 18¾. நம் ஊரில் நயா பைசா வந்த பிறகும் பெரியவர்கள் நாலணா எட்டணா என்றே பேசிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அப்படி. 1857 வரை அந்த வெளிநாட்டுக் காசு அங்கே சட்டப்படி செல்லும்.

காகிதப் பணம் இன்னும் மோசம். நாட்டுக்கெல்லாம் ஒரே நோட்டு கிடையாது. தனியார் வங்கிகள் நூற்றுக்கணக்கில், ஆளுக்கொரு நோட்டு. தூரத்து வங்கி நோட்டு என்றால் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் எடுப்பார்கள். எந்த வங்கி நோட்டுக்கு என்ன மதிப்பு, எது கள்ளநோட்டு, எந்த வங்கி திவால் என்று சொல்லவே தனிப் பத்திரிகைகள் வந்தன. நோட்டை நீட்டினால் கடைக்காரர் முதலில் அதைப் புரட்டிப் பார்ப்பார். தெரிந்தவர் கொடுக்கும் வெண்ணெயும் சாம்பலும் மேல் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

விலை எழுதித் தொங்கவிடும் வழக்கமும் இல்லை. பேரம்தான். துணிக்கட்டில் சில எழுத்துகள் மட்டும் இருக்கும். கடைக்காரர் பத்து எழுத்துள்ள ஒரு சொல்லைத் தேர்ந்து வைத்திருப்பார், எந்த எழுத்தும் இரண்டு முறை வராத சொல். முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு என்று போய், கடைசி எழுத்து சுழியம். கொள்முதல் விலையை அந்த எழுத்துகளில் எழுதிவிட்டால் வந்தவருக்கு ஒன்றும் புரியாது. கடைப் பையனுக்குப் புரியும், எதுவரைக்கும் இறங்கலாம் என்று தெரிந்துகொண்டு பேசுவான். ரொக்கம் கொடுப்பவருக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. கலப்படமும் இருந்தது. அதைப் பற்றி அமெரிக்கர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய கதை ஒன்று. பக்திமானான கடைக்காரர் மாடியிலிருந்து வேலையாளைக் கூப்பிடுகிறார். "சர்க்கரையில் மணல் கலந்தாயா?" "கலந்தேன் ஐயா." "ரம்மில் தண்ணீர்?" "ஊற்றினேன்." "புகையிலையை நனைத்தாயா?" "நனைத்தேன்." "சரி, மேலே வா, பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது."

அப்புறம், இந்தக் கடன் எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். கிராமத்துக் கடைக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை, இருமுறை நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா என்று போய்க் கொள்முதல் செய்வார், அதுவும் ஆறு மாதக் கடனில். அந்த நகரத்து மொத்த வியாபாரி இங்கிலாந்து வியாபாரிக்குக் கடன்பட்டிருப்பார். லிவர்பூலில் ஒருவர் நெருக்கினால் அந்த நெருக்கடி மெல்ல இறங்கி, காட்டோரத்துக் குடியானவர் வாசலுக்கு வந்து நிற்கும். 1819இலும் 1837இலும் அப்படித்தான் வந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கடைகள் விற்ற முக்கியமான சரக்கு தேயிலையோ துணியோ அல்ல, தவணை. அறுவடை வரைக்கும் பொறுத்திருப்பதற்குத்தான் அந்தக் கூடுதல் விலை. பொறுக்கிறவருக்குத் தாங்கும் சக்தி இருக்கிற வரைக்கும் கடை ஓடும்.

நியூ சேலத்தில் அந்தச் சக்தி யாரிடமும் இல்லை. லிங்கனை முதலில் கடைப் பையனாக அங்கே கொண்டுவந்த டென்டன் ஆஃபட் கடை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஊரே ஆற்றை நம்பியிருந்தது. 1832 மார்ச்சில் தாலிஸ்மன் என்ற நீராவிக் கப்பல் சாங்கமன் ஆற்றில் ஏறி வந்தபோது, இனிச் சரக்குக் கட்டணம் குறையும், மனை விலை ஏறும் என்று ஒரே கொண்டாட்டம். தண்ணீர் வற்றத் தொடங்கியதும் கப்பல் பின்னால் நகர்ந்தபடியே திரும்ப வேண்டியதாயிற்று. நியூ சேலம் மில் அணையில் ஒரு பகுதியை உடைத்துத்தான் வெளியே போனது. அதன் பிறகு அங்கே கப்பல் போக்குவரத்து ஏற்படவில்லை. வண்டிப் பாதைதான் கதி.

இதற்கு நடுவில், ராட்ஃபோர்ட் என்பவரின் கடையைப் பக்கத்து ஊர் முரட்டுப் பையன்கள் ஒரு ராத்திரியில் சூறையாடினார்கள். மனிதர் வெறுத்துப்போய்க் கடையைக் கைமாற்றினார். அந்தச் சரக்கையும் பெர்ரியும் லிங்கனும் வாங்கினார்கள், மறுபடியும் புரோநோட்டுதான். பெர்ரி குடித்தார், லிங்கன் படித்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் கண்ணும் கருத்துமாக இருந்திருந்தாலும் அந்த ஊரில் அந்தக் கடை பிழைத்திருக்காது என்பது என் எண்ணம். வாங்க ஆளில்லை, நோட்டுக்கு மேல் நோட்டு. கடை படுத்தது. 1835 ஜனவரியில் பெர்ரி இறந்தார். அவர் பங்குக் கடனும் லிங்கன் தலையில் விழுந்தது, மொத்தம் சுமார் 1,100 டாலர். அதை அவர் "தேசியக் கடன்" என்று கேலியாகச் சொல்வார். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு அடுத்த மாநிலத்துக்கு ஓடிப்போவது அங்கே சகஜம். இவர் ஓடவில்லை. நோட்டு ஒன்றுக்காக வழக்கு வந்து, நில அளவைக் கருவிகளும் குதிரையும் ஏலத்துக்குப் போயின. ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் ஏலத்தில் அவற்றை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கடன் தீரப் பல வருஷமாயிற்று.

இடையில் சோறு போட்டது தபால். 1833 மே மாதம் லிங்கன் அந்த ஊர்த் தபால் அதிகாரியானார். பல கிராமங்களில் கடைதான் தபால் நிலையம், ஆள் வந்தால் வியாபாரமும் வரும் என்பதால் கடைக்காரர்கள் அந்தப் பதவிக்குப் போட்டி போடுவார்கள். கடிதம் அனுப்புகிறவர் காசு கட்ட வேண்டியதில்லை, வாங்குகிறவர் கட்டினால் போதும். முப்பது மைலுக்குள் என்றால் ஒரு தாளுக்கு 6 சென்ட், நானூறு மைலைத் தாண்டினால் 25. ஒருவேளைச் சாப்பாட்டின் விலை! அண்ணன் கடிதம் போட்டிருக்கிறான் என்று தெரிந்தும் வாங்க முடியாமல் நின்றவர்கள் உண்டு. லிங்கன் கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, போகிற வழியில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்.

1836இல் தபால் நிலையம் பக்கத்து ஊரான பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனது. கடைகளும் குடும்பங்களும் பின்னாலேயே போயின. 1840க்குள் நியூ சேலம் காலி.

மற்ற ஊர்களில் இந்தக் கடைகள் இன்னும் வெகுகாலம் இருந்தன. கால்வாயும் ரயிலும் சரக்குக் கட்டணத்தைக் குறைத்தன. 1872இல் சிகாகோ வியாபாரி மாண்ட்கோமரி வார்டு என்பவர் விலைப்பட்டியல் அச்சடித்துத் தபாலில் விற்கத் தொடங்கினார். 1896இலிருந்து தபால்காரர் கிராமத்து வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தார். 1913இல் பார்சல் தபால் வந்தது. கிராமத்துக் கடைக்காரர்கள் அதை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடத்தினார்கள். சில ஊர்களில் அந்த விலைப்பட்டியல் புத்தகங்களை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. தபாலில் வாங்க முன்பணம் கட்ட வேண்டும். கையில் ரொக்கம் இருந்தபோது குடியானவர் சிகாகோவுக்கு மணியார்டர் அனுப்பினார். விளைச்சல் பொய்த்த வருஷம் அவரே திரும்பவும் உள்ளூர்க் கடைக்கு வந்து, கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நேயர்களே, வணக்கம்.